தொட்டி நிறைய பேசில், கையில் பைன் கொட்டை இல்லை: பெஸ்டோ செய்தவர்கள் சொல்லுங்கள்

மேற்கு மாம்பலத்திலிருந்து:

மொட்டைமாடியில் நான்கு தொட்டிகளில் பேசில் புதராக மண்டி நிற்கிறது. பங்குனி வெயில் ஏறியதும் நுனியில் பூங்கதிர் தள்ள ஆரம்பித்துவிட்டது. பூத்தால் இலை தடித்துக் கசக்கும் என்பதால் இந்த வாரத்துக்குள் அறுத்தாக வேண்டும். பேசில் இலையைக் கொட்டை, சீஸ், எண்ணெயோடு இடித்துச் செய்யும் இத்தாலியப் பச்சைச் சட்னியான பெஸ்டோ செய்யலாம் என்று கிளம்பி நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்கள் முறை.

முதல் தப்பு விதையிலேயே. பேசிலும் நம் திருநீற்றுப் பச்சிலையும் ஒரே இனம், சப்ஜா அதன் விதைதான் என்று படித்துவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் சப்ஜா வாங்கித் தூவினேன். அமோகமாக முளைத்தது. இனம் ஒன்றாக இருந்து என்ன, வாசனை வேறாக இருக்கிறதே! கிராம்பும் சூடமும் கலந்தாற்போல ஒரு நெடி. அரைத்து நூடுல்ஸில் பிரட்டிக் கொடுத்தேன். "சளிக்குக் கஷாயமா அம்மா?" என்று மகன் கேட்டான். அதன் பிறகுதான் ஜெனோவா வகை என்று அச்சிட்ட விதைப் பொட்டலத்தைத் தேடி வாங்கினேன்.

அடுத்தது பைன் கொட்டை. பாரிமுனைப் பக்கம் ஓர் உலர்பழக் கடையில் கேட்டபோது சில்கோசாவை எடுத்துக் காட்டினார்கள். இமயமலைப் பைன் மரத்துக் கொட்டை, நீளமாக, ஓட்டோடு. நூறு கிராம் விலையைக் கேட்டதும், விசாரிக்கத்தான் வந்தேன் என்று சொல்லி நழுவிவிட்டேன். இணையத்தில் வாங்கிய உரித்த கொட்டையோ, பொட்டலத்தைப் பிரித்ததுமே சிக்கு வாடை அடித்தது. போதாக்குறைக்கு, பெஸ்டோவில் சேர்க்கும் அசல் பார்மேசான் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள் என்று தெரியவந்தது. என் மாமியார் காதில் விழுந்தால் தொட்டிகளே மாடியில் இருக்காது.

ஆக, என்னிடம் இருப்பது இலை, பூண்டு, உப்பு, எண்ணெய். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜெனோவாவிலிருந்து:

அக்கா, நான் பெஸ்டோ பிறந்த ஊரிலேயே மூன்று வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். (இங்கேயும் ஓர் ஐஐடி உண்டு. இத்தாலியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும் அதே மூன்று எழுத்துதான். ஐஐடியில் ஆராய்ச்சி என்று சொன்னால் ஊரில் எல்லோரும் மெட்ராஸா பம்பாயா என்கிறார்கள்.)

வந்த புதிதில், அம்மா கட்டிக் கொடுத்த மிக்ஸியில் பெஸ்டோ அரைத்து, கீழ்வீட்டு அம்மாளுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கருகிய கீரை நிறத்தில் இருந்தது. வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டி, "வா, இன்று நீ இடிக்கிறாய்" என்று அழைத்துப் போனார்.

பளிங்கு உரல், மர உலக்கை. உரல் என்றதும் முற்றத்தில் கிடக்கும் பெரிய உரலை நினைக்க வேண்டாம், நம் இஞ்சி பூண்டு தட்டும் கல்லுக்கு அண்ணன் என்று சொல்லலாம். பெஸ்டோ என்ற சொல்லே இடிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததுதான். முதலில் பூண்டையும் பைன் கொட்டையையும் வெண்ணெய் போல மசிக்க வேண்டும். அப்புறம் இலையும் கல்லுப்பும். இங்கேதான் நான் திட்டு வாங்கினேன். மிளகு தட்டுவது போல ஓங்கிக் குத்தினேன். குத்தக் கூடாதாம். உலக்கையை உரலின் சுவரோடு சுழற்றித் தேய்க்க வேண்டும், உப்பின் பரல்தான் இலையைக் கிழிக்கும். பச்சைச் சாறு ஊறியதும் துருவிய சீஸ், கடைசியில் எண்ணெய். அவர் கைக்கணக்கை நான் தராசில் போட்டுப் பார்த்தேன்: இலை 60 கிராம், பைன் கொட்டை 30, பார்மேசான் 50, செம்மறியாட்டுப்பால் சீஸான பெக்கோரினோ 30, பூண்டு ஒரு பல். எண்ணெய்க்கு மட்டும் கணக்கு சொல்ல மறுத்துவிட்டார்.

இலைதான் இங்கே எல்லாம். நகரின் மேற்கு ஓரத்தில் பிரா என்ற பகுதியில் கண்ணாடிக் குடில்களில் வளர்க்கிறார்கள். சாண் உயரம் கூட வளரவிடாமல் வேரோடு பிடுங்கி, பூச்செண்டு போலத் தாளில் சுற்றி விற்கிறார்கள். நம் புவிசார் குறியீடு போல ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இதற்குப் பெயர்க் காப்பு கொடுத்திருக்கிறது. பெரிய இலையைக் கையில் எடுத்தால் கீழ்வீட்டு அம்மாள் முகர்ந்துவிட்டு, "புதினா" என்று ஒதுக்கிவிடுவார். அதனால் அக்கா, தடித்த இலையை விட்டுவிட்டு நுனிக் கொழுந்தை மட்டும் பெஸ்டோவுக்கு எடுங்கள். ஒவ்வொரு கணுவுக்கும் மேலே கிள்ளினால் செடி இரண்டாகக் கிளைக்கும், பூவும் தள்ளிப் போகும்.

பைன் கொட்டை இல்லை என்று கலங்க வேண்டாம். வால்நட் போடும் வீடுகள் இந்த வட்டாரத்திலேயே உண்டு. இந்த ஊர்க்காரர்கள் சுத்தம் பேசும்போதெல்லாம் எனக்கு ஒன்று நினைவுக்கு வரும். 1863இல் இங்கே அச்சான சமையல் புத்தகத்தில் இருக்கும் பெஸ்டோ குறிப்பு, பேசில் கிடைக்காவிட்டால் மார்ஜோரம், பார்ஸ்லி என்ற வேறு வாசனை இலைகளைப் போடச் சொல்கிறது. சீஸில் ஒன்று ஹாலந்துச் சீஸ்! துறைமுக ஊர், கப்பலில் வந்ததைப் போட்டிருக்கிறார்கள். இதைக் கீழ்வீட்டு அம்மாளிடம் சொன்னேன். "அச்சடித்தவனுக்கு அம்மா இல்லை போலிருக்கிறது" என்றார்.

ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: திரவம் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகக் கூடாது என்பது பல விமான நிலையங்களில் விதி அல்லவா? 2017இல் ஜெனோவா விமான நிலையம் பெஸ்டோவுக்கு மட்டும் அதைத் தளர்த்தியது. நோயுற்ற குழந்தைகளைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் தொண்டு அமைப்புக்குச் சிறு நன்கொடை கொடுத்தால், பாட்டிலில் ஒட்ட ஒரு வில்லை தருவார்கள்.

லண்டனிலிருந்து:

பைன் கொட்டையைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பொட்டலம் வாங்கிப் பெஸ்டோ செய்து சாப்பிட்டேன். அன்று ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலை காபி கசந்தது. மதியம் ரசம் கசந்தது, தகர டப்பாவை நக்கியது போல. புளி சரியில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் கசக்கவில்லை, அவர் பெஸ்டோவைத் தொடவே இல்லை. தண்ணீர்கூடக் கசந்தபோது பயந்துபோய் மருத்துவரிடம் ஓடினேன். சில வகைப் பைன் கொட்டைகளால், குறிப்பாகச் சீனாவில் விளையும் ஒரு வகையால், இப்படி ஆவதுண்டு, தானாகவே சரியாகும் என்றார். பத்து நாள் ஆனது. புளியைக் குறை சொன்னதற்கான தண்டனை அதற்குப் பிறகும் நீண்டது.

பலெர்மோவிலிருந்து:

தங்கச்சி, தம்பி சொன்னது வடக்குக்காரரின் பெஸ்டோ. நான் யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலியின் தெற்கே இருக்கும் சிசிலித் தீவுக்கு வந்து இருபத்தைந்து வருடமாகிறது. இந்தத் தீவின் மேற்குக் கரையில் திராபனி என்ற துறைமுகம் இருக்கிறது. அவர்களுடைய பெஸ்டோவில் பைன் கொட்டையே கிடையாது, பாதாம்தான். தோல் உரித்த பழுத்த தக்காளி, பூண்டு, பேசில், பாதாம், ஒலிவ் எண்ணெய், மேலே கொஞ்சம் பெக்கோரினோ. கிழக்கே போய்த் திரும்பிய ஜெனோவாக் கப்பல்காரர் அங்கே தங்கியபோது தங்கள் பூண்டுக் குழம்பைச் சொல்லிக்கொடுத்தார்கள், ஊர்க்காரர் தங்கள் தோட்டத்துச் சாமான்களைப் போட்டு மாற்றிக்கொண்டார்கள் என்று இங்கே கதை.

நான் வேலை செய்த வீட்டில் இதை முதன்முதல் இடித்தபோது, அம்மம்மாவின் வல்லாரைச் சம்பல்தான் நினைவுக்கு வந்தது. பச்சை இலையை அடுப்பில் ஏற்றாமல் பச்சையாகவே இடிக்கிற கைப்பக்குவம் ஒன்றுதான். தேங்காய்ப்பூவுக்குப் பதில் பாதாம், அவ்வளவே. இப்போது என் பிள்ளைகள் அதைப் புட்டோடு சாப்பிடுகிறார்கள். திராபனிக்காரர் பார்த்தால் என்ன சொல்வார்களோ தெரியாது. உங்களுக்குப் பாதாமும் தக்காளியும் கிடைக்கும்தானே? பாதாமை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, ஈரம் போகக் காயவிட்டு இடியுங்கள்.

இன்னுமொன்று. நீங்கள் சப்ஜா என்பதை நாங்கள் கசகசா என்போம், பலூடாவில் போடுவது. சமையல் குறிப்பு படிக்கும்போது இரண்டு ஊர்க்காரரும் அடிபடுகிற இடம் இது.

கோவையிலிருந்து:

அறுத்த இலையைத் தயவுசெய்து குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். பேசில் குளிர் தாங்காது. நான் கொத்தமல்லி போலத் தாளில் சுற்றி வைத்து, மறுநாள் காலையில் கறுத்த கட்டு ஒன்றை வெளியே எடுத்தேன். பூச்சாடி போலத் தம்ளர் தண்ணீரில் சமையலறை மேடையிலேயே வைத்தால் நான்கைந்து நாள் நிற்கும். அரைத்தது மிஞ்சினால் சீஸ் சேர்க்காமல் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, வேண்டும்போது ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம். ஊறுகாய் நினைப்பில் வெளியே மட்டும் வைக்காதீர்கள். எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டில் நச்சுக் கிருமி வளரும், வாடையும் தெரியாது, நிறமும் மாறாது.

மேற்கு மாம்பலத்திலிருந்து, மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு விதமாகவும் செய்தேன். பலெர்மோ அக்கா சொன்ன தக்காளி வகையைக் கல்லில் இடித்தேன். கை ஓய்ந்துவிட்டதால் பச்சை வகை மிக்ஸிக்குப் போனது. சட்னி ஜாடியை அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்து, இலையைக் கொதிநீரில் பத்து விநாடி முக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு, ஒட்டப் பிழிந்து, விட்டுவிட்டு ஓட்டினேன். நிறம் நின்றது. வாசனை கொஞ்சம் மட்டுப்பட்டதென்னவோ உண்மை. முதல் முறை ஆலிவ் எண்ணெயையும் சேர்த்து மிக்ஸியில் அடித்ததில் கசப்பு ஏறியது, இரண்டாம் முறை எண்ணெயைக் கரண்டியால் கலந்தேன். கொட்டைக்கு முந்திரி, பச்சைப் புள்ளி போட்ட உள்நாட்டுக் கெட்டிச் சீஸ். முந்திரி இனிப்பாக இருந்ததால் உப்பு கூட வேண்டியிருந்தது. பாஸ்தா வடித்த தண்ணீரில் இரண்டு கரண்டி விட்டுத் தளர்த்தினேன், அடுப்பில் வைக்கவில்லை.

மகன் பச்சையைத் தோசைக்குள் தடவிச் சாப்பிட்டான். மாமியாருக்குத் தக்காளி வகைதான் பிடித்தது. "தொக்குதானே, இன்னும் கொஞ்சம் வதக்கியிருக்கலாம்" என்றார். தடித்த இலைகளைத் தக்காளி ரசத்தில் இறக்கும்போது கிள்ளிப் போட்டேன், மோசமில்லை.

அறுத்த தண்டுகளைத் தூக்கிப் போட மனம் வராமல் தண்ணீரில் செருகி வைத்திருந்தேன். எட்டாம் நாள் எல்லாவற்றிலும் வெள்ளை வேர். எண்ணிப் பார்த்தேன், பதினேழு தண்டு. பக்கத்தில் யாருக்காவது தொட்டி காலியாக இருக்கிறதா?