ஜூடோ உடை: கனமானதா, லேசானதா?

வணக்கம். சென்னையில் ஜூடோ பழகும் என் மகளுக்கு இன்னொரு உடை வாங்க வேண்டும். இப்போது இருப்பது 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டர் துணிக்கு 350 கிராம்), ஒற்றை நெசவு. ராத்திரி துவைத்தால் காலையில் காய்ந்துவிடும். ஆனால் காலர் மெலிசு, எதிரில் நிற்கும் பிள்ளை கொத்தாகப் பிடித்துவிடுகிறாள். அக்குள் தையலை இரண்டு தடவை போட்டாச்சு.

சர்வதேசப் போட்டிகளுக்கான துணி சதுர மீட்டருக்கு 650 முதல் 750 கிராம். பிடி எளிதில் சிக்காது, சரி. இந்தப் புழுக்கத்தில் வியர்வையைக் குடித்து இன்னும் கனக்குமே, ஐப்பசி மழையில் எப்படிக் காயும்?

அவளுக்கு 13 வயது, மாவட்டப் போட்டிதான் இப்போதைக்கு. 450 போதுமா? துவைத்தால் கை எவ்வளவு சுருங்கும்? போட்டியில் மணிக்கட்டு மூட வேண்டும். வாங்கிப் பழகியவர்கள் சொல்லுங்களேன்.