கன்டெய்னருக்கு மெமரி வரம்பு: எந்த உச்சத்தை நம்புவது?

பனையோலை:
எங்கள் சர்வரில் ஒவ்வொரு கன்டெய்னரின் (தனியாகப் பிரித்து ஓட்டும் நிரல் தொகுப்பு) மெமரி பயன்பாட்டையும் 5 நொடிக்கு ஒருமுறை அளந்து, அதில் பெரிய எண்ணை உச்சம் என்று எடுத்துக்கொண்டு வரம்பு வைக்கிறார்கள். இது தப்பு. இரண்டு அளவீட்டுக்கு நடுவில் கால் நொடி எகிறி இறங்கினால் யாருக்கும் தெரியாது. வரம்பைத் தாண்டினால் ஓஓஎம் கில்லர் (மெமரி போதாதபோது ப்ராசஸைக் கொல்லும் கர்னல் பகுதி) மட்டும் விடாது. லினக்ஸ் கர்னலே உச்சத்தைக் குறித்து வைக்கிறதே! சிகுரூப் (ப்ராசஸ் குழுவுக்கு மெமரி கணக்கும் வரம்பும் வைக்கும் கர்னல் வசதி) வி2-வில் கர்னல் 5.19 முதல், அதாவது 2022 முதல், குழுவின் உச்சத்தைக் காட்டும் மெமரி.பீக் கோப்பு இருக்கிறது. அதைப் படித்தால் போதும்.

வடகரை:
போதாது நண்பரே. அந்த எண்ணில் பேஜ் கேச்சும் (படித்த கோப்புகளைக் கர்னல் மெமரியில் வைத்திருக்கும் நகல்) சேர்ந்திருக்கிறது. பெரிய லாக் கோப்பு ஒன்றைப் படித்தாலே உச்சம் வரம்பில் போய் முட்டும். 4 ஜிபி கொடுத்தால் 4, 8 கொடுத்தால் 8. நெருக்கடி வந்தால் கர்னல் விட்டுவிடக்கூடிய பக்கங்கள் அவை. இதை வைத்து வரம்பு போட்டால் ராம்தான் வீண். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் கர்னல் காட்டும் ப்ராக் ஸ்டேட்டஸ் கோப்பில் விஎம்ஹெச்டபிள்யூஎம் என்ற வரியைப் பாருங்கள், அந்த ப்ராசஸ் தன் முகவரி வெளியில் வைத்திருந்த பக்கங்களின் உச்சம் மட்டும் வரும்.

பனையோலை:
ஒரே ப்ராசஸ் என்றால் சரி. இருபது வொர்க்கர் ப்ராசஸ் ஓடும் டேட்டாபேஸில்? பகிர்ந்த பக்கங்களை ஒவ்வொரு வொர்க்கரும் தன் கணக்கில் எழுதும். தவிர, ஒவ்வொன்றின் உச்சமும் வேறு வேறு நேரத்தில் வந்தது. கூட்டினால் எப்போதும் இருந்திராத ஒரு எண்தான் கிடைக்கும். ப்ராசஸின் பயன்பாட்டைக் கேட்டறியும் கெட்ஆர்யூசேஜ் அழைப்பும் உதவாது. முடிந்துபோன சைல்டு ப்ராசஸ்களைப் பற்றிக் கேட்டால், அவற்றில் பெரியது எதுவோ அதை மட்டும் சொல்லும்.

ஆவணி:
இடையில் ஒன்று. கெட்ஆர்யூசேஜ் தரும் மெமரி உச்சமான மேக்ஸ்ஆர்எஸ்எஸ், எக்ஸெக் செய்தாலும் (அதே ப்ராசஸில் வேறு நிரலை ஏற்றினாலும்) அழியாது. பெரிய ப்ராசஸ் ஒன்று ஃபோர்க் செய்து (தன்னை நகலெடுத்து) சின்ன நிரலை ஓட்டினால், சின்ன நிரலின் தலையில் பேரன்ட்டின் அளவு விழும். விஎம்ஹெச்டபிள்யூஎம்-க்கு அந்தச் சிக்கல் இல்லை. அப்புறம், லினக்ஸில் மேக்ஸ்ஆர்எஸ்எஸ் கிலோபைட், மேக்ஓஎஸ்ஸில் பைட். ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் கவனிக்கவும்.

வடகரை:
பனையோலை, இன்னொன்றும் கேட்கிறேன். சர்வீஸ் எழும்பும்போது வரும் உச்சம் வேறு, நாள் முழுக்க ஓடும்போது வருவது வேறு. விஎம்ஹெச்டபிள்யூஎம்-ஐ ப்ராக்கின் கிளியர்_ரெஃப்ஸ் கோப்பில் 5 எழுதி மறுபடி தொடங்கலாம், கர்னல் 4.0 முதலே முடியும். உங்கள் மெமரி.பீக்கை?

பனையோலை:
6.12 முதல் முடியும். அதுவும் அழகாகச் செய்திருக்கிறார்கள். கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் எதையாவது எழுதினால், அந்த ஃபைல் டிஸ்கிரிப்டருக்கு (கோப்பை அப்படித் திறந்தவரின் பிடிக்கு) மட்டும் உச்சம் புதிதாகத் தொடங்கும். மற்றவர் படிக்கும் எண் மாறாது. சிகுரூப் வி1-இல் ஒருவர் அழித்தால் எல்லோருக்கும் அழியும், இரண்டு கண்காணிப்புக் கருவிகள் ஒன்றையொன்று கெடுக்கும். உச்சத்தைக் கர்னலுக்குள் வைப்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

வடகரை:
கர்னலுக்குள் வைப்பதில் எனக்கும் மறுப்பில்லை. எதன் உச்சம் என்பதில்தான் சண்டை. மெமரி.ஸ்டாட்டில் அனான் (கோப்பு சாராத, நிரலின் சொந்த மெமரி), ஃபைல் (கோப்பு கேச்) என்று பிரித்துக் காட்டுகிறது, ஆனால் அந்தந்த நேர மதிப்பு மட்டும். அனானுக்குத் தனி உச்சம் இருந்தால் நாளைக்கே ஒத்துக்கொள்வேன். அதுவரை மெமரி.ஹையை (தாண்டினால் கொல்லாமல் வேகத்தைக் குறைக்கும் வரம்பு) கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மெமரி.பிரஷர் (மெமரிக்காகக் காத்திருக்கும் நேரத்தின் அளவு) எங்கே ஏறுகிறது என்று பார்த்துத்தான் வரம்பு வைப்பேன்.

பனையோலை:
புரொடக்‌ஷனில் அதைச் செய்ய விடுவார்களா? எங்கள் இடத்தில் விடமாட்டார்கள். மெமரி.பீக் வரம்புக்குக் கீழேயே நின்றால், கேச் சேர்த்தும் அவ்வளவுதான் தேவை என்று உறுதியாகச் சொல்லலாம். வரம்பைத் தொட்டவற்றுக்கு மட்டும் உங்கள் வழி.