அஞ்சலட்டையில் மை கரையாமல் எழுத என்ன வழி?

வால்பாறையில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தஞ்சாவூரிலிருந்து 50 பைசா அட்டையில் எழுதுகிறேன். ஜூனில் மழை பிடித்ததிலிருந்து எழுத்தெல்லாம் கரைந்து நீலத் திட்டாகத்தான் போய்ச் சேருகிறது, முகவரி மட்டும் பால்பாயிண்டில் எழுதுவதால் தப்பிக்கிறது.

எழுதுவது ஹீரோ மைப்பேனாவில், சாதாரண ராயல் புளூ மை. ஜெல் பேனாவும் பார்த்தாச்சு, அதுவும் இழுகுகிறது. எழுத்தின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓரளவு தாங்குகிறது, அவ்வளவுதான். முழுக்கப் பால்பாயிண்ட் என்றால் அந்த வெளிறிய கோடு பெரியம்மா கண்ணுக்குத் தெரியாது. சரி, உறைக்குள் போடலாமே என்றால், போஸ்ட்மேன் வழியிலேயே படித்துவிட்டு வாசலில் நின்று சேதி சொல்வதில்தான் பெரியம்மாவுக்குப் பாதி சந்தோஷம்!

பிக்மென்ட் மை (நுண்ணிய நிறத் துகள்கள் கலந்த மை) தண்ணீரில் கரையாது, ஆனால் பேனாவுக்குள் காய்ந்தால் அடைத்துக்கொள்ளும் என்று யோசனை. அட்டையில் ஊறிப் பரவாமல், நிப்பையும் அடைக்காமல், மழைக்குத் தாங்குகிற மை எது, பயன்படுத்தியவர்கள் சொல்லுங்களேன்?