ரெண்டு கம்ப்யூட்டரையும் மாத்தியே ஆகணுமா?

குடியாத்தம் கைலிக்கடை:
வணக்கம். அப்பா காலத்திலிருந்து கைலி மொத்த வியாபாரம். கடையில் 2016ல் வாங்கின ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு இங்க் பிரிண்டர். ஒன்றில் பில், இன்னொன்றில் தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்த கணக்கு. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பார்க்க வந்தவர் பெட்டியைத் திறக்காமலே, எல்லாம் பழசு என்று புதுசாக ரெண்டு கம்ப்யூட்டர், பிரிண்டர், வருஷச் சந்தா சாஃப்ட்வேர் சேர்த்து 1,38,000 ரூபாய் கொட்டேஷன் கொடுத்துவிட்டார். அந்தப் பணத்துக்கு நான் நூல் எடுப்பேன். என்ன செய்யலாம்?

காட்பாடி சர்வீஸ்:
அண்ணே, முதல்ல பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க. 19 வருஷமா இதே வேலை பண்றேன், திறக்காம விலை சொல்றதை என்னால ஏத்துக்க முடியாது. உங்க கடையில பஞ்சு பறக்கும். போன மாசம் ஒரு ஜவுளிக்கடை பெட்டியில ஃபேனுக்கு அடியில பஞ்சு விளக்குத்திரி மாதிரி உருண்டு அடைச்சுக் கிடந்தது. காத்து போகலைன்னா கம்ப்யூட்டரோட மூளையான புரொசசர் சூடாகி, தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். நம்ம வேலூர் வெயிலுக்குக் கேட்கவே வேணாம்.

அடுத்தது டிஸ்க். Ctrl, Shift, Esc மூணையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்க, எது எவ்வளவு வேலை செய்யுதுன்னு அதுல தெரியும். சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதத்துல நின்னா, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போடுங்க, அது சுத்துற பாகமே இல்லாத வேகமான டிஸ்க். ராம்ங்கிற தற்காலிக நினைவகத்தை 8 ஜிபி ஆக்குங்க. சில ஆயிரத்துல முடியும்.

ஆனா ஒரு விஷயத்துல வந்தவர் சொன்னது சரி. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட், அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட், முடிஞ்சது. விண்டோஸ் 11க்கு இன்டெல் புரொசசருன்னா 8வது தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும், 2016 மெஷின் அதுக்கு முந்தினது. அதனால நூல் கணக்கு மெஷின்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட், கணக்கு எழுத எக்செல் மாதிரி லிப்ரே ஆபீஸ் போடுங்க, ரெண்டும் இலவசம். பில் மெஷினை மட்டும் மாத்துங்க. கம்பெனியில கழிச்ச 8வது தலைமுறை மெஷினே போதும். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் சந்தையில வாங்கினாலும் ஜிஎஸ்டி பில், எழுத்துல வாரண்டி இல்லாம காசு கொடுக்காதீங்க. லைசென்ஸ் இல்லாத கிராக் விண்டோஸ் வேணவே வேணாம். பிரிண்டர் போனா கறுப்பு லேசர் வாங்குங்க, டோனர் பவுடர் இங்க் மாதிரி காயாது.

ராணிப்பேட்டை கணக்கர்:
அண்ணா, சாஃப்ட்வேர் சந்தா கட்டும் முன் ஒன்று பாருங்கள். ஆண்டு டர்ன்ஓவர் 1.5 கோடிக்குள் என்றால் ஜிஎஸ்டி தளத்திலேயே இலவச பில்லிங் சாஃப்ட்வேர் உண்டு.

பேக்கப், அதாவது கணக்கை நகல் எடுத்து வைப்பதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். டிஸ்க் போய், மூன்று வருஷக் கணக்கை பில் புக் பார்த்துத் திரும்ப ஏற்றிய ஒரு கடைக்கு நான்தான் உட்கார்ந்தேன், ராத்திரி பகலாக 23 நாள். டிஸ்க்கைக் கழட்டும் முன் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடுங்கள். தெர்மல் பேப்பரில் வந்த கொள்முதல் பில்களையும் ஸ்கேன் செய்யுங்கள், எழுத்து மங்கிவிடும்.

குடியாத்தம் கைலிக்கடை:
நகல் எடுத்துவிட்டு நேற்று திறந்தோம். பஞ்சு ஒரு கைப்பிடி வந்தது, பாதி நீலம், பாதி பச்சை, எல்லாம் நம்ம கைலிச் சாயம்தான். நூல் கணக்கு மெஷினுக்கு எஸ்எஸ்டி போட்டாச்சு, டீ வருவதற்குள் திறந்துவிடுகிறது. பில் மெஷின் மட்டும் அடுத்த வாரம் மாற்றுகிறேன். ஒரு நகல் பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.