அமெரிக்கக் கால்பந்து கிக்ஆஃப் (புள்ளி எடுத்த அணி எதிரணிக்குப் பந்தை உதைத்துக் கொடுப்பது): இன்னும் மனதை அறுக்கும் உதை எது?

பஃபலோவாசி:
2022 ஜனவரி 23, கன்சாஸ் சிட்டி மேட்ச். வேறு எதைச் சொல்லப்போகிறேன்? 36-33 என்று எங்கள் பஃபலோ பில்ஸ் முன்னால், மிச்சம் 13 விநாடி. நண்பர் வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். எங்கள் கிக்கர் டைலர் பாஸ் ஓடிவந்து உதைத்தார். பந்து நேராகக் கோல் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ட் ஸோனுக்குப் போய் டச்பேக் ஆனது, அதாவது யாரும் ஓடாமலே பந்து எதிரணிக்கு, கடிகாரமும் நகராது. எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கண் மட்டும் திரையின் கீழே இருந்த எண்ணில் நின்றுவிட்டது. உதைக்கு முன்னால் 13, உதைத்த பிறகும் 13.

ஸ்க்விப் உதைத்திருக்கலாம். தரையில் குதித்துக் குதித்துப் போகும் பந்தை எதிரணிக்காரர் எடுத்து ஓடியாக வேண்டும், அதற்குள் நாலைந்து விநாடி கரைந்திருக்கும். நாங்கள் ஒரு விநாடிகூடச் செலவழிக்கவில்லை. அப்புறம் கன்சாஸ் சிட்டியின் ஹில்லுக்கு 19 யார்டு, கெல்சிக்கு 25 யார்டு எறிதல், அவர்கள் கிக்கர் பட்கரின் 49 யார்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி), ஓவர்டைமில் (கூடுதல் நேரத்தில்) 42-36 என்று தோற்றோம். இன்றும் மைக்ரோவேவில் 13 ஓடும்போது அந்த உதை நினைவுக்கு வந்துவிடுகிறது.

சியாட்டில் மழை:
பஃபலோ நண்பரே, வலி புரிகிறது. ஆனால் ஸ்க்விப்பை இவ்வளவு நம்பாதீர்கள். முன்வரிசையில் நிற்பவன் பந்தைப் பிடித்து உடனே தரையில் படுத்துவிட்டால் ஒரு விநாடிகூடப் போகாது, பந்தும் 40 யார்டு பக்கத்தில் கிடைத்துவிடும். அங்கிருந்து ஒரே ஒரு எறிதல் போதும். தோற்றது உதையால் இல்லை. பக்கவாட்டுக் கோடுகளைக் காத்துக்கொண்டு நடுவைத் திறந்து விட்ட டிஃபன்ஸால்தான். டைலர் பாஸ் தலையில் இதைக் கட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

என்னுடையது 2015 ஜனவரி, எங்கள் சியாட்டில் சீஹாக்ஸ் கிரீன் பே பேக்கர்ஸோடு ஆடிய மேட்ச். 19-7 என்று பேக்கர்ஸ் முன்னால் இருந்தபோது நான் மனம் உடைந்து ஸ்டேடியத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். மழை. பார்க்கிங்கை நோக்கி நடக்கிறேன், முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். சரி, டச்டவுன் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு சத்தம், அது வேறு மாதிரி. கால் தானாக நின்றுவிட்டது. ஆன்சைட் கிக்கை (உதைத்த அணியே பந்தைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும் குட்டை உதை) நாம் எடுத்திருக்கிறோம்! பேக்கர்ஸின் பாஸ்டிக் வேலை முன்னால் நின்று தடுப்பது மட்டும்தான், பிடிக்க வேண்டியவர் அவருக்குப் பின்னால் இருந்த நெல்சன். பாஸ்டிக் எம்பினார், பந்து ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்து எங்கள் கிறிஸ் மேத்யூஸ் கைக்குப் போனது. இதையெல்லாம் வீட்டுக்கு வந்து டிவியில்தான் பார்த்தேன். ஓவர்டைமில் 28-22 என்று நாங்கள் ஜெயித்தோம். அந்தச் சத்தத்துக்குள் நான் இல்லை.

ஏரிக்காற்று:
என் கதை சின்னது. கிளீவ்லாந்து பக்கம், மகன் பள்ளி அணியின் கிக்கர். பந்தை டீயில் (உதைக்கும் பந்தை நிறுத்தும் சிறு தாங்கி) நிறுத்தினான், காற்று தள்ளிவிட்டது. மறுபடியும் நிறுத்தினான், மறுபடியும் விழுந்தது. கூட ஆடும் பையன் ஒருவன் புல்லில் படுத்து ஒரு விரலால் பந்தைப் பிடித்துக்கொண்டான். என் மகன் கடைசி அடியில் வேகத்தைக் குறைத்ததை நான் பார்த்தேன். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. "விரல்ல பட்டுடும்னு பயந்துட்டேன்பா" என்றான் காரில்.

பிள்ளைகளைக் கிக்கிங்கில் விட்டிருப்பவர்கள் கேளுங்கள். காற்று இல்லாத நாளிலும் ஒருவரைப் பிடிக்கச் சொல்லிப் பழக்குங்கள். எத்தனை அடி பின்னால் போகிறான் என்பது ஒருநாளும் மாறக் கூடாது. தினமும் நூறு உதை வேண்டாம், இடுப்பும் தொடையும் போய்விடும். முக்கியமாக, தூரம் தூரம் என்று அலைய வேண்டாம். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லிலேயே கதை மாறிவிட்டது. 2024 முதல் கோல் கோட்டிலிருந்து 20 யார்டு கோடு வரைதான் பந்து இறங்க வேண்டிய இடம். அதற்கு முன்பே விழுந்தால் எதிரணிக்கு அவர்களின் 40 யார்டு கோட்டில் பந்து. நேராக எண்ட் ஸோனுக்குப் போனால் 2024-இல் 30 யார்டு கோட்டில், 2025-இல் 35 யார்டு கோட்டில். முன்பு பலசாலி கால் இருந்தால் டச்பேக் அடித்துவிட்டு நிம்மதியாக நடந்து வரலாம். இப்போது அது எதிரணிக்குக் கொடுக்கும் பரிசு. அதனால்தான் சுழலாமல் தாழ்வாக ஆடிக்கொண்டே போகிற பந்தைப் பழகுகிறார்கள், பிடிப்பவனுக்கு எங்கே குதிக்கும் என்று தெரியாது. மைதானத்தில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் விழ வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் பச்சைத் துண்டு வைத்திருக்கிறோம்.

பஃபலோவாசி:
சியாட்டில் நண்பரே, பாஸ் மீது பழி போடவில்லை. உதைக்கச் சொன்ன இடத்தில் உதைத்தார். 2024 ஜனவரியில் அதே கன்சாஸ் சிட்டிக்கு எதிராக அவரது 44 யார்டு ஃபீல்ட் கோல் உதை வலப்பக்கம் விலகிப் போய் 27-24 என்று தோற்றோம். அவருக்கு வந்த மிரட்டல்களைப் பார்த்து ஊரே கொதித்தது. அவர் ஆதரித்து வந்த பூனைக் காப்பகத்துக்கு ரசிகர்கள் லட்சம் டாலருக்கு மேல் அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன். தொகை எழுதும் கட்டத்தில் 13 என்று போட்டு, அழித்துவிட்டு, 44 போட்டேன்.