செங்கோட்டைல புளூ மூன் ரோஸ் வளக்கீங்களா யாராவது?

சாரல்வீடு:
வணக்கம். மாசி மாசம் ஆரியங்காவு தாண்டி ஒரு ரோட்டோர நர்சரில புளூ மூன்னு சொல்லி ஒட்டுச்செடி 180 ரூவாய்க்கு வாங்கிட்டு வந்தேன். ரெண்டு பூ பூத்துச்சு, கத்திரிப்பூ கலர தண்ணில கரைச்ச மாதிரி, வாசம்னா எலுமிச்சந்தோல நகத்தால கீறுனா வருமே அப்படி, மதினி வாசப்படில நின்னே என்ன மணம்னு கேட்டாங்க. அதோட சரி, பூவே இல்ல. ஆனா செடி கிடுகிடுன்னு போவுது, ஒரே கொம்பு என் உசரம் வந்துட்டு. மத்த கிளையில சாரல் ஆரம்பிச்சதுல இருந்து இலையெல்லாம் கருப்புப் புள்ளி விழுந்து மஞ்சளாகி கொட்டுது. உரம் பத்தலையா? டீத்தூள் போட்டுட்டுதான் இருக்கேன்.

மொட்டைமாடி:
உரத்த விடுங்க தங்கச்சி. அந்தக் கொம்பு எங்கன இருந்து வருதுன்னு மண்ண விலக்கிப் பாருங்க. ஒட்டுக் கட்டுன முண்டுக்குக் கீழ இருந்து வந்தா அது புளூ மூனே இல்ல, அடிச்செடி, அதாவது ஒட்டுக்கு வேரா வச்ச வேற ரோஸ். இலைக்காம்பு தண்டுல சேருற இடத்துல சின்ன சிறகு மாதிரி இருக்கும்லா, அது சீப்புப் பல்லு மாதிரி கிழிஞ்சிருந்தா மல்டிஃப்ளோரா காட்டு ரோஸ்தான், நீங்க போட்ட டீயெல்லாம் அதுதான் குடிச்சிருக்கு. வெட்டுனா திரும்ப முளைக்கும், அடியோட பிடிச்சு கீழாக்க பிச்சுருங்க.

கோவிந்தாபுரம்காரன்:
அக்கா, புள்ளி வர்றது பூஞ்சைங்க. இலை ஏழெட்டு மணி நேரம் நனைஞ்சே இருந்தா போதும் பிடிச்சுக்கும், உங்கூரு சாரல்ல கேக்கவா வேணும். தொட்டிய சன்ஷேடுக்கு அடில தள்ளுங்க, காலை வெயில் 11 மணி வரைக்கும் விழணும், மத்தியான வெயில் வேண்டாம், அந்தக் கலர் வெளுத்துப் போயிரும். கொட்டுன இலைய தொட்டிலயே விடாதீங்க. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி சோப்புத்தண்ணி கலந்து அடிக்கலாம், விழுந்த புள்ளி போகாதுங்க, புது இலைக்குதான்.

நீலப்பைத்தியம்:
நடுவுல ஒரு டவுட்டு, ஆன்லைன்ல நல்ல நீல ரோஸ் விதை விக்கிறாங்களே, அத வாங்கலாமா?

மொட்டைமாடி:
காச ஆத்துல போடுங்க, அதாச்சும் மிதக்கும். ரோஸுக்கு டெல்ஃபினிடின்ங்கிற நீலச்சாயம் இயற்கையா கிடையாதுய்யா. ஜப்பான்ல சன்டோரி கம்பெனி ஜீன மாத்தி 2009ல வித்த பூவே லாவண்டர் கலர்லதான் நின்னுச்சு. புளூ மூன் ஜெர்மனில டான்டௌங்கிற ரோஸ் வளர்ப்பாளர் கொண்டு வந்தது, 1964 வாக்குல, பேருலதான் நீலம். அந்த வாசத்துக்குதான் இன்னும் வித்துக்கிட்டு இருக்கு.

சாரல்வீடு:
பாத்துட்டேன் அண்ணாச்சி, சீப்புப் பல்லேதான்! அஞ்சு மாசமா காட்டுச்செடிக்கு டீ ஊத்திருக்கேன். பிச்சாச்சு. இப்ப ஒரு சாண் குச்சியும் நாலு இலையும்தான் மிச்சம். உடனே கவாத்து பண்ணட்டா?

மொட்டைமாடி:
நாலு இலைய வச்சுக்கிட்டு கவாத்தா! கத்திரிய உள்ள வைங்க தாயி, ஐப்பசி மழையும் போவட்டும், தை பொறந்து பாத்துக்கிடுவோம்.