பீடோங் பக்கம் மழைக்குக் கணக்கு தப்பிவிட்டதா?

ஜெராய்_அடிவாரம்
போன தைப்பூசத்திற்கு எங்கள் ஊர்க் கோயிலில் காவடி இறங்கும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நான் எண்பதுகளில் தோட்டத்தில் வளர்ந்தவன். தைப்பூசம் என்றால் தார் ரோட்டில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால்தான் காவடிக்காரர்கள் கால் வைக்க முடியும். மலேசியாவின் வடமேற்கில், நம் பீடோங் இருக்கிற கெடா மாநிலத்தில் ஜனவரியும் பிப்ரவரியும் காய்ந்த மாதங்கள். வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையில் கிளந்தான், திரங்கானுவில் கொட்டிவிட்டு, தித்திவங்சா மலையைத் தாண்டி வரும்போது நமக்கு வெறும் காற்றுதான் மிஞ்சும். ரப்பர் மரம் இலை கொட்டும், பால் வற்றும்.

இப்போது காய்கிற மாதத்தில் மழை, நனைகிற மாதத்தில் வெயில். பெய்தாலும் வானம் பிளந்ததுபோல் அரைமணி நேரம்தான். இது பருவநிலை மாற்றம் இல்லையென்றால் வேறென்ன?

பழைய_கிராணி
தம்பி, உங்கள் ஞாபகத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஞாபகம் மழைமானி ஆகாது. 1974இலிருந்து தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக, இருந்தவன் நான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும் மழைமானியில் உள்ள தண்ணீரை அளந்து புத்தகத்தில் எழுதுவது என் வேலை. முதலில் அங்குலம், அப்புறம் மில்லிமீட்டர். தோட்டத்தை விற்றபோது அந்தப் புத்தகங்களைக் குப்பையில் போட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நனைந்த தைப்பூசமும் அதில் உண்டு, ஒரு சொட்டு இல்லாமல் போன செப்டம்பரும் உண்டு. வருட மொத்தம் ஏறுகிறது, இறங்குகிறது, ஒரே பக்கமாகப் போகவில்லை. பசிபிக் கடல் சூடாகிற எல் நினோ வந்தால் இங்கே காயும். 1998 ஏப்ரலில் பக்கத்து பெர்லிஸில் சுப்பிங்கில் 40.1 டிகிரி அடித்தது. 2016இல் சூடு தாங்காமல் கெடா, பெர்லிஸ் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். இரண்டும் எல் நினோ காலம். போனதும் மழை திரும்பியது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் எங்கள் பழைய டிவிஷன் (பிரிவு) இருந்த இடத்தில் இப்போது தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. தண்ணீர் நின்ற பள்ளத்தையெல்லாம் மண் கொட்டி மூடிவிட்டு, முழங்கால் ஆழத்தில் ஒரு லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) வெட்டினார்கள். அரைமணி மழைக்கே வீட்டுக்குள் தண்ணீர். கேட்டால் ‘பருவநிலை மாற்றம் அங்கிள்’ என்கிறார்கள். லோங்காங்கைத் தூர்வாராதவனுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

ஒட்டுப்பால்
அங்கிள் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி லோங்காங்கில் அடைத்துக்கொண்டிருக்கிறது.

செம்பனை_மண்டோர்
ஐயா, எல் நினோ போனதும் மழை திரும்பியது என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். மழை திரும்பியது, குலை திரும்பவில்லையே. எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம் தண்ணீர்ப் பஞ்சத்தை அன்றைக்கே காட்டாது. உள்ளே உருவாகிற பாளை பெண்ணாக வராமல் ஆணாக வரும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்துத்தான் வெட்டுகிறவனுக்குத் தெரியும். 2015இல் நாட்டில் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறக்குறைய 1 கோடியே 99 லட்சம் டன், 2016இல் 1 கோடியே 73 லட்சம். குலைக்குக் கூலி வாங்குகிறவர்கள் நாங்கள், அந்த வருடத்தை மறக்கமாட்டோம்.

ரப்பரிலும் இதே கதைதான். இலை கொட்டி, கொழுந்து விடுகிற நேரம் வானம் காய்ந்திருக்க வேண்டும். அப்போது ஈரம் தங்கினால் கொழுந்தில் சாம்பல் நோய் விழுந்து இரண்டாம் தடவையும் கொட்டும். வருட மொத்தத்தில் அந்த மழை ஒரு சின்னப் புள்ளி. மரத்துக்கு அதுதான் பெரிது.

வாத்தியார்_பீடோங்
கிராணி ஐயாவின் புத்தகத்தை மதிக்கிறேன். அப்படி எழுதிவைத்தவர்கள் இல்லையென்றால் நாம் பேச ஒன்றுமே இருக்காது. ஒரு கேள்வி மட்டும். 24 மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் அளந்தீர்கள். ஒருநாள் 80 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பீர்கள். அது ராத்திரி முழுக்கத் தூறியதா, நாற்பது நிமிடத்தில் கொட்டியதா?

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். உலகம் ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. அதனால் கொட்டுகிற மழை இன்னும் வேகமாகக் கொட்டும். அதே சூடு, காய்ந்த மாதத்தில் மண்ணில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். எல் நினோ அந்தக் காலத்திலும் வந்தது, சரி. இப்போது அது சூடேறிய அடுப்பின் மேல் வந்து உட்காருகிறது. வருட மொத்தம் மாறாமலேயே இத்தனையும் நடக்கலாம்.

2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து மரமும் பாறையுமாக யான் பக்கம் இறங்கிய வெள்ளம் நினைவிருக்கிறதா? மறு வருடம் ஜூலையில் கெடாவின் பாலிங்கிலும் அதே மாதிரி வெள்ளம்.

பழைய_கிராணி
பாலிங்கை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. மேலே இனாஸ் மலையில் டுரியான் பழத்தோட்டம் போடுவதற்குக் காட்டைத் திறந்ததுதான் காரணம் என்று அப்போதே பேச்சு எழுந்ததே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மழை மலையில் பெய்யத்தான் செய்யும். அதைப் பிடித்துவைக்க மரம் இருந்ததா என்று கேளுங்கள்.

வாத்தியார்_பீடோங்
கேட்கிறேன் ஐயா. ஆனால் 2021இல் யான் பக்கம் வெள்ளம் வந்த அன்றைக்கு, ஜெராயின் இந்தப் பக்கமும் மெர்போக்கில் தண்ணீர் வந்தது. எல்லாவற்றையும் டுரியான் தலையில் கட்ட முடியாது. மொட்டை மலையில் வேகமான மழை விழுந்தால் சேதம் இரட்டிப்பு. நீங்கள் மலையைப் பார்க்கிறீர்கள், நான் மழையைப் பார்க்கிறேன்.

பழைய_கிராணி
‘இரண்டும்தான்’ என்பது யாரையும் பகைக்காத பதில், வாத்தியாரே. சரி, புத்தகத்தில் மணிக்கணக்கு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். காலை மழையா, மாலை மழையா என்றுகூட அதில் தெரியாது. அது ஆள் வருகையும் சம்பளமும் எழுதுகிற செக்ரோலில்தான் இருந்தது. விடியற்காலையில் பட்டை நனைந்தால் பால்வெட்டு கிடையாது, அன்றைக்கு ஆளுக்கு மழைக் குறி போடுவோம். சாயங்கால மழை வேலையைக் கெடுக்காது. செக்ரோலெல்லாம் பழைய பேப்பர்காரன் லாரியில் போய்விட்டது. நானே கைகாட்டி ஏற்றிவிட்டேன்.

லயத்துப்_பெண்
இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் அம்மா முப்பது வருடம் பால்வெட்டினார். மழை நாளில் நாலு மணிக்கே எழுந்து, வாசலில் நின்று மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமல் திரும்பப் படுத்துவிடுவார். அன்றைக்குச் சம்பளம் இல்லை என்று எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

அவருடைய சம்பளச் சீட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. 1979இலிருந்து. மாதத்தில் எத்தனை நாள் வேலை என்று ஒவ்வொன்றிலும் இருக்கிறது. உபயோகப்படுமா ஐயா?

பழைய_கிராணி
எந்தத் தோட்டம் அம்மா? எந்த டிவிஷன்? லீவு நாளையும் திருவிழா நாளையும் கழித்தால் மழை நாள் கிடைத்துவிடும், அதைக் கழிக்க எனக்குத் தெரியும். ஜனவரி, பிப்ரவரி சீட்டுகளை முதலில் படம் எடுத்துப் போடுங்கள். என் புத்தகத்தோடு வைத்துப் பார்க்கிறேன். டின்னைத் திறந்து வைக்காதீர்கள், பழைய காகிதம் ஈரம் இழுக்கும்.